இரவில் பல் கடிப்பவர்களுக்கான நைட் கார்டு: எது தாங்கும், எது பல்லைக் கெடுக்கும்

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கத்தை, பல்லின் மேல் மாட்டிக்கொண்டு தூங்கும் உறையான நைட் கார்டு நிறுத்திவிடாது. வாங்கும் முன்பே இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது. தாடைத் தசை அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். மேல் எனாமலும் கீழ் எனாமலும் உரசாதபடி நடுவில் நின்று, அந்தத் தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்வதே கார்டின் வேலை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதே தொனியில்தான் முடிகிறது: பல் கடிப்பதைக் குணப்படுத்தும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை, பல் தேய்வதைத் தடுப்பதில் பயன் இருக்கலாம். ‘இரண்டு மாதம் போட்டால் பழக்கமே போய்விடும்’ என்று சொல்லி விற்கும் இடத்தில் வாங்க வேண்டாம்.

நைட் கார்டு என்ற ஒரே பெயரில் நாலைந்து வகைச் சரக்கு விற்கிறது. வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்குவது ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கிளினிக்கில் அளவெடுத்துச் செய்வதற்குச் சில ஆயிரங்கள் ஆகும். அதிலும் மென்மையான வகைக்கும் கடினமான வகைக்கும் விலை பல மடங்கு மாறும். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பல்லின் முனைகள் தட்டையாகும் அளவுக்குக் கடிப்பவர்களுக்கு, மேல்தாடைப் பற்கள் அத்தனையையும் மூடும் கடின அக்ரிலிக் கார்டுதான் சரி. ஆனால் அந்த விலையில் பெரும்பகுதி பிளாஸ்டிக்குக்கு அல்ல, அதை உங்கள் கடிக்கு ஏற்ப நாற்காலியில் உட்கார வைத்துச் சரிசெய்யும் அரை மணி நேரத்துக்கு. அந்த அரை மணி நேரம் கிடைக்காவிட்டால் விலை உயர்ந்த கார்டும் வீண்தான்.

இவ்வளவு கெட்டியான பொருள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2001-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், தூக்கத்தில் பல் கடிப்பவர்களின் கடி விசையை அளந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பதிவான உச்ச விசையின் சராசரி ஏறக்குறைய 42 கிலோ; ஒருவரிடம் 81 கிலோ. விழித்திருக்கும்போது முழு பலத்தோடு கடித்ததைவிடத் தூக்கத்தில் அதிகமாகக் கடித்தவரும் அதில் இருந்தார். விழித்திருக்கையில் வலி வந்தால் விட்டுவிடுவோம்; தூக்கத்தில் அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. கடைவாய்ப் பல்லின் முனையில் எனாமல் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஒருமுறை போனால் மறுபடி வளராது.

கார்டு தேவையா என்பதைக் கண்ணாடி முன் நின்றே ஓரளவு பார்த்துவிடலாம். கோரைப் பல்லின் கூர்முனை தட்டையாகியிருக்கிறதா? கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தும்போது மேல் பல்லின் தட்டையும் கீழ்ப் பல்லின் தட்டையும் இம்மி பிசகாமல் ஒன்றோடொன்று படிந்தால் அது உரசல் தேய்மானம். கன்னத்தின் உட்புறம் பல் வரிசைக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு, நாக்கின் ஓரத்தில் பல் தடம், காலையில் பொட்டுப் பகுதியில் தலைவலி, காதுக்குக் கீழே தாடைத் தசை புடைத்திருப்பது ஆகியவையும் துணைச் சான்றுகள். ஆனால் பல்லின் முனை தட்டையாக இல்லாமல் சின்னக் கிண்ணம் போலக் குழிந்து, பழைய ஃபில்லிங் மட்டும் மேடாக நின்றால், அது அமில அரிப்பு. நெஞ்செரிச்சலோ, தினமும் குடிக்கும் எலுமிச்சை சோடாவோ காரணமாக இருக்கலாம். அங்கே கார்டு மட்டும் போட்டுப் பயனில்லை. முதலில் அமிலத்தைக் கவனிக்க வேண்டும்.

மருந்துகளையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஃபுளூவாக்செடின், செர்ட்ராலின், பராக்செடின் போன்ற மன அழுத்த மருந்துகளைத் தொடங்கிய பிறகு பல் கடிப்பது ஆரம்பித்த நோயாளிகள் உண்டு. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். மது, சிகரெட், அளவுக்கு மீறிய காபி மூன்றும் பல் கடிப்பதைக் கூட்டுகின்றன.

குழந்தை பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். மருந்து கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதனால் பல் கடிப்பது நின்றுவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் வயதில் பொதுவாகக் கார்டும் வேண்டாம். சில மாதத்திலேயே பொருந்தாமல் போய்விடும், முளைக்கும் பல்லுக்கும் இடைஞ்சல். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே குறைந்துவிடும்.

இனி ஒவ்வொரு வகையாக.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகையை அவசரத்துக்கு மட்டும்தான் சொல்வோம். பல் உடைந்து, கிளினிக் போகும்வரை ஒரு வாரம் ஓட்ட வேண்டும் என்றால் சரி. அதன் குறை செய்முறையிலேயே இருக்கிறது. இளகிய பிளாஸ்டிக்கைக் கடிக்கும்போது கடைவாய்ப் பகுதியில் அழுத்தம் அதிகம், அங்கே தாள் கனத்துக்கு மெலிந்துவிடும்; முன்பக்கம் தடித்து நிற்கும். அதாவது எங்கே கனம் தேவையோ அங்கே இருக்காது. கொஞ்ச நாளிலேயே கடைவாய்ப் பக்கம் ஓட்டை விழும். இன்னொரு ஆபத்து, சிலர் ஓரம் குத்துகிறது என்று கத்தரியால் வெட்டிக்கொண்டே வந்து, கடைசிப் பற்கள் இரண்டை மூடாமல் விட்டுவிடுவார்கள். எதிலும் படாத பல் மெல்ல மெல்ல வெளியே எழும்பும். மாதக்கணக்கில் அப்படிப் போட்டால் கார்டைக் கழற்றிய பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கும், முன் பற்கள் மூடாது. முன் பற்களை மட்டும் மூடும் சின்னக் கார்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேலும் அவை தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகும் அபாயமும் உண்டு.

நம்மூர் கிளினிக்குகளில் அதிகம் கொடுக்கப்படுவது ஈ.வி.ஏ. என்ற ரப்பர் போன்ற ஷீட்டால் செய்யும் மென்மையான கார்டு. 2 அல்லது 3 மி.மீ. ஷீட்டைச் சூடாக்கி, உங்கள் பல் வரிசையின் அச்சாக வார்த்த கல் மாடலின் மேல் உறிஞ்சியோ அழுத்தியோ ஒட்ட வைத்து, ஓரம் வெட்டினால் முடிந்தது; அன்றைக்கே கையில் கிடைத்துவிடும். போட்டதும் இதமாக இருக்கும், பழகுவதும் எளிது. லேசாகக் கடிப்பவர்களுக்குப் போதும். கடுமையாகக் கடிப்பவர்களுக்குக் கொடுத்தால் மெல்லுவதற்கு ஒரு பொருள் கிடைத்தது போல ஆகிவிடுகிறது. 1987-இல் ஓக்சன் என்ற ஆய்வாளர் பத்துப் பேரிடம் செய்த சோதனை பல் மருத்துவர்கள் இன்றும் சுட்டுவது: கடின கார்டு எட்டுப் பேரின் இரவுத் தசை இயக்கத்தைக் குறைத்தது, மென்மையான கார்டு ஒருவருக்குத்தான் குறைத்தது, ஐந்து பேருக்குக் கூட்டியது. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் காலையில் தாடை வலி முன்பைவிட அதிகமானால் மென்மையான கார்டைச் சந்தேகப்பட அது போதுமான காரணம். இதன் பெரிய குறை வேறு: ஈ.வி.ஏ.யைக் கடிக்கு ஏற்ப ராவ முடியாது. பர் என்ற சுழலும் ராவு முனை பட்டால் பிசிறு பிசிறாகக் கிளம்பும். ஆகவே கடி சமமாக விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் வேலை இதில் அநேகமாக நடப்பதே இல்லை. கிழிந்தால் ஒட்டவும் முடியாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும்.

இரட்டை அடுக்கு வகை நடுவழி. பல்லைத் தொடும் உட்புறம் மென்மை, எதிர்ப்பல் படும் வெளிப்புறம் கடினம். பல் கூச்சம் உள்ளவர்களுக்கும், கடின கார்டின் இறுக்கம் பிடிக்காதவர்களுக்கும் நல்ல தேர்வு. வெளிப்புறத்தை ஓரளவு ராவிச் சரிசெய்யலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு அடுக்கும் பிரிவதால்தான். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தது போல் தெரிந்தால் பிரிவு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடுக்கில் அழுக்கு சேர்ந்து நாற்றம் வரும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் ஊறவைத்தால் இந்தப் பிரிவு சீக்கிரம் வரும்.

கடின அக்ரிலிக் கார்டின் வடிவத்துக்கு மிச்சிகன் ஸ்பிளின்ட் என்று பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டும் ஆஷும் உருவாக்கிய அமைப்பு. மேல்தாடை முழுவதும் மூடும். கீழ்ப் பற்கள் படும் தளம் வழவழப்பாக, குழி மேடு இல்லாமல் இருக்கும். இரண்டு கோரைப் பல் இடத்திலும் ஒரு சின்னச் சரிவு. தாடையைப் பக்கவாட்டில் இழுத்தால் கீழ்க் கோரைப் பல் அந்தச் சரிவில் ஏறும், கடைவாய்ப் பற்கள் எல்லாம் உடனே கார்டை விட்டு விலகிவிடும். உரசல் விசையை நீண்ட வேருள்ள கோரைப் பல் வாங்கிக்கொள்ள, கடைவாய்ப் பற்களுக்குப் பக்கவாட்டு அழுத்தம் இல்லாமல் போகிறது. வெப்பத்தில் பதப்படுத்திய அக்ரிலிக் கார்டு நன்றாகப் பராமரித்தால் மூன்று முதல் ஐந்து வருடம் வரும். விரிசல் விட்டாலும் அக்ரிலிக் வைத்து ஒட்டலாம். கம்ப்யூட்டரில் வரைந்து, ஆலையிலேயே பதப்படுத்திய அக்ரிலிக் வட்டிலிருந்து கடைந்தெடுக்கும் கார்டு இன்னும் அடர்த்தியானது. வாயில் எரிச்சல் தரக்கூடிய மோனோமர், அதாவது உறையாமல் மிஞ்சும் மூலப்பொருள், அதில் குறைவு. 3டி பிரின்ட் கார்டு விலை குறைவு, நகல் எடுப்பது எளிது. ஆனால் ரெசினைச் சரியாகக் கழுவி ஒளியில் முழுதாக உறைய வைக்காவிட்டால் பிசுபிசுப்பும் கெமிக்கல் சுவையும் இருக்கும். அப்படி இருந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அளவெடுப்பதற்கு முன் வாயில் நிலுவையில் உள்ள வேலைகளை முடித்துவிட வேண்டும். சொத்தை அடைப்பது, கேப் போடுவது, பல் கிளீனிங் எல்லாம் முதலில். கார்டு வந்த பிறகு ஒரு கேப் போட்டால் அந்தப் பல்லின் வடிவம் மாறிவிடும், கார்டு உட்காராது.

ஆல்ஜினேட் பசையில் அளவெடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கல் மாடல் ஊற்றிவிட வேண்டும். காற்றில் விட்டால் நீர் வற்றிச் சுருங்கும். சொட்டச் சொட்ட நனைத்து வைத்தால் நீரை இழுத்து உப்பும். அளவை ஈரப் பஞ்சில் சுற்றிச் சாயங்காலம் லேப் பையன் வரும்வரை வைத்திருப்பது பல இடங்களில் நடக்கிறது. கார்டு இறுகுவதற்கும் ஆடுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். ‘மாடலை இங்கேயே ஊற்றுவீர்களா?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிலிக்கோன் பசையோ வாய்க்குள் ஸ்கேன் செய்யும் கருவியோ இருந்தால் இந்தக் கவலை இல்லை. கல் ஊற்றும்போது பல் முனையில் காற்றுக் குமிழி சிக்கினாலும் வம்புதான்: மாடலில் அங்கே ஒரு பள்ளம், கார்டின் உட்புறம் அதே இடத்தில் ஒரு மேடு. கடுகளவு மேடு பல்லின் மேல் உட்கார்ந்து முழுக் கார்டையும் தூக்கிவிடும்.

கடிப் பதிவும் எடுக்க வேண்டும். வெறுமனே மேலும் கீழும் அளவெடுத்து லேபுக்கு அனுப்பினால், கார்டின் கனத்துக்கு வாய் எந்தக் கோணத்தில் திறக்கும் என்பதை லேப் ஊகித்துத்தான் செய்யும். கடைவாயில் 2 மி.மீ. கனம் வேண்டுமென்றால் முன்பக்கம் அதைவிட அதிகம் திறந்திருக்கும். அந்தத் திறப்பிலேயே மெழுகோ சிலிக்கோனோ வைத்துப் பதிவு எடுத்தால் நாற்காலியில் ராவும் வேலை பாதியாகும்.

இப்போது அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம். முதல் சோதனை, கார்டு உட்காருவது. விரல் அழுத்தத்தில் ‘டக்’ என்று ஏற வேண்டும். கடித்து ஏற்ற வேண்டிய நிலை இருக்கக் கூடாது. ஒரு பக்கக் கடைவாயை விரலால் அழுத்தும்போது மறுபக்கம் எழும்பினால் உள்ளே எங்கோ இடிக்கிறது. எல்லாப் பற்களிலும் லேசான இறுக்கம் இருந்தால் ஓரிரு நாளில் சரியாகும். ஒரே ஒரு பல் மட்டும் இறுக்கப்பட்டால் அது தானாகச் சரியாகாது. அன்றே உட்புறத்தில் அந்த இடத்தை ராவச் சொல்லுங்கள். வெளி ஓரம் ஈறைத் தொடக் கூடாது.

பிறகு கார்பன் தாள் வேலை. 40 மைக்ரான் கனமுள்ள சிவப்புத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்துப் பக்கவாட்டிலும் முன்னாலும் தாடையை உரசச் சொல்வார்கள். அடுத்து நீலத் தாளை வைத்து ‘டப் டப்’ என்று கடிக்கச் சொல்வார்கள். கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு கீழ்ப் பல்லுக்கும் குறைந்தது ஒரு நீலப் புள்ளி, எல்லாம் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் விழுந்திருக்க வேண்டும். சிவப்புக் கோடு இரண்டு கோரைப் பல் சரிவிலும், முன்னால் தள்ளும்போது முன் பற்களிலும் மட்டும் இருக்கலாம். கடைவாய்ப் பகுதியில் சிவப்பு தெரிந்தால் நீலப் புள்ளியைத் தொடாமல் அந்தச் சிவப்பை மட்டும் ராவி எடுப்பார்கள். மறுபடி தாள், மறுபடி கடி, மறுபடி பர். நடுவில் வெள்ளைப் புள்ளியும் சுற்றி நீல வளையமுமாகத் தெரிந்தால் அந்த இடம்தான் அதிகம் இடிக்கிறது. கடைசியில் 8 மைக்ரான் உலோகத் தாளைப் பின்பற்களில் வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பார்கள்; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும்.

பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து சரிபார்த்ததோடு விடாமல், நாற்காலியைச் சாய்த்துப் படுத்த நிலையிலும் கடித்துப் பார்க்க வேண்டும். படுத்தால் கீழ்த்தாடை சற்றுப் பின்னால் சரியும், புள்ளிகள் இடம் மாறும். கார்டு வேலை செய்யப் போவது படுத்திருக்கும்போதுதான். ராவிய இடங்கள் பாலிஷ் செய்யப்பட்டனவா என்று நாக்கால் தடவியும் பாருங்கள். சொரசொரப்பாக விட்ட கார்டு எதிர்ப்பல்லைத் தேய்க்கும், கறையும் சேரும்.

முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும், சிலர் தூக்கத்தில் கழற்றிவிடுவார்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டால் சீக்கிரம் பழகும். காலையில் கழற்றியதும் சில நிமிடம் கடி மாறியது போலத் தெரிவது இயல்பு. மதியம் வரை அப்படியே இருந்தாலும், நாளுக்கு நாள் முன் பற்கள் மூட மறுத்தாலும் கார்டைப் போடுவதை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போக வேண்டும். எப்படியும் இரண்டு வாரத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டை எடுத்துப்போய்க் காட்டுங்கள். தசை தளர்ந்ததும் தாடை நிலை மாறும், புள்ளிகளும் மாறும். கார்டின் தளத்தில் பளபளவென்று தேய்ந்த கோடுகள் விழுந்திருக்கும். எந்தப் பக்கம் அதிகம் கடிக்கிறீர்கள் என்பதை டாக்டர் அதில் படித்துவிடுவார்.

சுத்தம் செய்வதில் இரண்டு தடை: வெந்நீர் கூடாது, டூத்பேஸ்ட் கூடாது. வெந்நீரில் ஈ.வி.ஏ. உருமாறும், அக்ரிலிக்கும் வளையும். பேஸ்ட்டில் உள்ள துகள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், அந்தக் கீறலில் கிருமி தங்கும். காலையில் கழற்றிய உடனே, எச்சில் காயும் முன், குழாய்த் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷும் இரண்டு சொட்டுக் கைகழுவும் சோப்பும் போட்டுத் தேயுங்கள். வாரம் ஒன்றிரண்டு முறை பல் செட்டுக்கான கிளின்சோடென்ட் போன்ற மாத்திரையில் உறையில் எழுதிய நேரம் மட்டும் ஊறவைக்கலாம். ஈரம் உலர்ந்த பின் ஓட்டையுள்ள டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டால் அன்றோடு முடிந்தது. நாய் வளர்ப்பவர்கள் டப்பாவை உயரத்தில் வைக்க வேண்டும். எச்சில் வாசனைக்கு நாய் தேடி வந்து கடித்துக் குதறிவிடும்.

படுக்கும் முன் பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் பல் தேய்த்த பிறகுதான் கார்டு. சர்க்கரையைப் பல்லோடு சேர்த்து மூடி வைத்தால், எச்சில் வந்து கழுவ வழியில்லாமல் சொத்தை வேகமாக வரும்.

பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, பகலில் தூங்கி வழிபவர்கள் கார்டு வாங்கும் முன் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் திணறல் உள்ள பத்துப் பேரிடம் 2004-இல் மேல்தாடைக் கார்டைச் சோதித்தபோது, ஐந்து பேருக்கு மூச்சுத் தடை பாதிக்கு மேல் கூடியது. அவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் வேறு கருவியோ, காற்றழுத்த மாஸ்க்கோதான் பொருந்தும்.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் பல் மருத்துவக் கல்லூரிகளைப் பாருங்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் கிளினிக்கைவிடக் குறைவாகவே வாங்கும். நேரம் அதிகம் ஆகும், இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். ஆனால் மேற்பார்வையில் நிற்கும் பேராசிரியர் புள்ளி புள்ளியாகப் பார்த்துத்தான் விடுவார்.

பணம் கட்டும் முன் நாலு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என்ன பொருள், கடைவாயில் எத்தனை மி.மீ., சரிசெய்யும் வருகைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா, ஆறு மாதத்துக்குள் உடைந்தால் யார் பொறுப்பு. கார்டோடு கல் மாடலையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேன் என்றால் ஃபைலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பல்லில் இடையில் வேலை எதுவும் நடக்காத பட்சத்தில், அடுத்த கார்டுக்கு மறுபடி அளவெடுக்க வேண்டியதில்லை.